எல்பில் பட்டன் சரி, டோவன்பி பட்டன் மட்டும் ஏன் தகராறு? அட்ரிபியூட் செலக்டர் கோளாறுகள், அறிகுறி வாரியாக

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் கோயில் கமிட்டிக்கும் தமிழ்ப்பள்ளி முன்னாள் மாணவர்களுக்கும் இணையப் பக்கம் செய்து தரும் பிள்ளைகள் இப்போது பலர் இருக்கிறார்கள். பக்கங்களின் அமைப்பு பெரும்பாலும் ஒன்றுதான்: கீழே உபயதாரர் பட்டியல், மேலே தோட்டத்துக்கு ஒரு பட்டன். எல்பில் பட்டனைத் தட்டினால் எல்பில் ஆட்கள் மட்டும் நிற்க வேண்டும். டோவன்பியைத் தட்டினால் டோவன்பிக்காரர்கள், ஹீவுட்டைத் தட்டினால் ஹீவுட்காரர்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்த காலத்தில் லயத்தை விட்டு ஈப்போவுக்கும் கிள்ளானுக்கும் சிதறிய குடும்பங்கள், ஆடித் திருவிழா சமயத்தில் இந்த மாதிரிப் பக்கத்தைத்தான் திறந்து பார்க்கின்றன. தன் தோட்டத்தின் பெயரைத் தட்டியவருக்கு ஒருவரும் வரவில்லை என்றால் அவர் கோடிங்கில் கோளாறு என்று நினைக்கமாட்டார், நம்மை விட்டுவிட்டார்கள் என்றுதான் நினைப்பார். அதனால் இதைச் சரியாகச் செய்வது முக்கியம்.

பட்டியலில் ஓர் ஆளுக்கான அட்டை இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்:

<லி டேட்டா-தோட்டம்="டோவன்பி" டேட்டா-நாள்="5" டேட்டா-உபயம்="பால்குடம் அன்னதானம்">

இப்படிப் பக்கத்தில் உள்ள ஒவ்வோர் உறுப்பும் ஓர் எலமெண்ட். அதில் டேட்டா-தோட்டம் போல ஒட்டியுள்ள தகவல் அட்ரிபியூட். அந்தத் தகவலைச் சொல்லி எலமெண்டைத் தேட, சதுர அடைப்புக்குள் எழுதும் குறிப்புதான் அட்ரிபியூட் செலக்டர். கட்டளைகளையும் அட்ரிபியூட் பெயர்களையும் இங்கே ஒலிப்படி தமிழ் எழுத்தில் தருகிறேன். உங்கள் கோப்பில் அவை வழக்கம்போல் ஆங்கில எழுத்தில் இருக்கும். மேற்கோளுக்குள் உள்ள மதிப்புகள் மட்டும் (பின்னால் வரும் ‘டிஏ’, ‘ஃபால்ஸ்’ போன்ற ஆங்கிலக் குறிகள் தவிர) இங்கிருப்பது போலவே தமிழில் இருக்கும். பெரிய சிக்கல் எழுவதும் அந்த மதிப்புகளில்தான்.

எந்த அறிகுறிக்கும் முன்னால்: இரண்டு வரி

எஃப்12 தட்டி, உலாவியில் கட்டளை எழுதிப் பார்க்கும் இடமான கன்சோலைத் திறந்து இந்த இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகப் போடுங்கள்.

டாக்குமெண்ட்.குவெரிசெலக்டர்ஆல்('[டேட்டா-தோட்டம்]').லெங்த்

டாக்குமெண்ட்.குவெரிசெலக்டர்ஆல்('[டேட்டா-தோட்டம்="டோவன்பி"]').லெங்த்

முதல் வரி, மதிப்பு எதுவானாலும் அந்த அட்ரிபியூட் இருக்கிற எல்லா எலமெண்டையும் எண்ணும். இரண்டாவது வரி, மதிப்பு அச்சாகப் பொருந்துவதை மட்டும் எண்ணும். முதல் வரியே 0 என்றால் அட்ரிபியூட் பெயர் தவறு, அல்லது அந்தப் பட்டியல் நீங்கள் தேடும் டாக்குமெண்ட்டிலேயே இல்லை. முதல் வரி சரி, இரண்டாவது குறைகிறது என்றால் மதிப்பில்தான் கோளாறு. கன்சோலில் இரண்டுமே சரியாக வந்து, உங்கள் ஸ்கிரிப்ட்டில் மட்டும் ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் நேரக் கோளாறு. பட்டியல் வருவதற்கு முன்பே ஸ்கிரிப்ட் ஓடிவிட்டது.

இதைச் செய்யாமல் கோடை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பதில் நேரம்தான் போகும்.

அறிகுறி: ‘நல்’ என்று பிழை வருகிறது

குவெரிசெலக்டர் முதலில் பொருந்தும் ஒரே ஒரு எலமெண்டைத் தரும், எதுவும் பொருந்தாவிட்டால் நல், அதாவது ‘ஒன்றுமில்லை’ என்பதைத் தரும். அந்த நல்லைப் பிடித்துக்கொண்டு கிளிக் நிகழ்ச்சி சேர்க்கப் போனால் கன்சோலில் சிவப்பு வரி வரும். ஸ்கிரிப்ட் டேக் பக்கத்தின் தலைப்பகுதியில் இருந்தால் அதில் ‘டிஃபர்’ என்ற சொல்லைச் சேருங்கள். பக்கம் முழுவதும் படிக்கப்பட்ட பிறகே ஸ்கிரிப்ட் ஓடும். டிஃபர் வெளிக்கோப்பாக இருக்கும் ஸ்கிரிப்ட்டுக்குத்தான் வேலை செய்யும். பக்கத்துக்குள்ளேயே எழுதிய ஸ்கிரிப்ட் என்றால் அதைப் பாடி முடியும் இடத்துக்கு நகர்த்திவிடுங்கள்.

அறிகுறி: பிழையே இல்லை, ஒன்றும் நடக்கவும் இல்லை

குவெரிசெலக்டர்ஆல் எதுவும் கிடைக்காவிட்டாலும் நல் தராது, காலிப் பட்டியல் ஒன்றைத் தரும். காலிப் பட்டியல் ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு ‘உண்மை’தான். ஆகவே ‘பட்டியல் இருந்தால் காட்டு, இல்லாவிட்டால் யாரும் இல்லை என்று எழுது’ என்று இஃப் போட்டால் ‘யாரும் இல்லை’ என்ற செய்தி ஒருநாளும் வராது. பட்டியலைச் சோதிக்காமல் அதன் லெங்த் 0 தானா என்று சோதியுங்கள். வந்தது நோட்லிஸ்ட், முழு அர்ரே அல்ல. ஃபார்ஈச் ஓடும், மேப், ஃபில்டர் ஓடாது. அவை வேண்டுமென்றால் அர்ரே.ஃப்ரம் கொண்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

அறிகுறி: ‘நாட் எ வேலிட் செலக்டர்’

இது செலக்டரை எழுதிய முறையில் உள்ள தவறு. உலாவி தேடவே தொடங்கியிருக்காது.

[டேட்டா-தோட்டம்=டோவன்பி] என்று மேற்கோள் இல்லாமல் எழுதினாலும் ஓடும். தமிழ் எழுத்துகளைச் செலக்டர் மொழி பெயர்ச்சொல்லாக ஏற்றுக்கொள்கிறது. அந்தத் தைரியத்தில் [டேட்டா-நாள்=5] என்று எழுதினால் விழுந்துவிடும், ஏனென்றால் மேற்கோள் இல்லாத மதிப்பு எண்ணில் தொடங்கக்கூடாது. இடைவெளி கூடாது, புள்ளி கூடாது, சாய்கோடு கூடாது. நம் பட்டியல்களில் பெயருக்கு நடுவே ‘த/பெ’ இருக்கும், தலைப்பெழுத்துக்குப் பின் புள்ளி இருக்கும், ‘பெரிய தோட்டம்’ என்று இடைவெளியும் இருக்கும். எதற்கு விதி நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்? எல்லா மதிப்புக்கும் மேற்கோள் போட்டுவிடுங்கள். வெளியே ஒற்றை மேற்கோள், உள்ளே இரட்டை மேற்கோள் என்று பழகினால் குழப்பம் வராது.

மேற்கோள் போட்டும் தகராறு என்றால் அது வளைந்த மேற்கோளா என்று உற்றுப் பாருங்கள். வாட்ஸ்அப்பிலோ வேர்டிலோ கோடை அனுப்பி வாங்கினால் நேர்க்குறி வளைகுறியாக மாறிவிடக்கூடும். இதில் உலாவியைப் பொறுத்துப் பிழைச்செய்தி வரலாம். செய்தி இல்லாமல், வளைகுறியையும் மதிப்பின் ஒரு பகுதியாக எடுத்துக்கொண்டு வெறுங்கையோடு திரும்பி வரவும் கூடும். இரண்டாவது வகையைக் கண்டுபிடிப்பது கடினம்.

பயனர் தேடல் பெட்டியில் தட்டியதை நேரடியாகச் செலக்டருக்குள் ஒட்டாதீர்கள். அவர் ஒரு மேற்கோள்குறி போட்டாலே செலக்டர் உடையும். சிஎஸ்எஸ்.எஸ்கேப் என்ற வசதிக்குள் அனுப்பி வாங்கிய பிறகு ஒட்டுங்கள்.

அறிகுறி: கண்ணுக்கு ஒரே சொல், உலாவிக்கு வேறு சொல்

இதற்காகத்தான் இந்தக் குறிப்பையே எழுதத் தொடங்கினேன். ஆங்கிலத்தில் எழுதப்பட்ட வழிகாட்டிகள் பெரும்பாலும் இதைத் தொடுவதில்லை, அவர்களுக்கு இந்தச் சிக்கல் அவ்வளவாக வருவதில்லை.

அறிகுறி இப்படி இருக்கும். எல்பில் பட்டன் எல்லாரையும் காட்டுகிறது. ஹீவுட் பட்டனும் அப்படியே. டோவன்பி பட்டன் மட்டும் பாதிப் பேரைக் காட்டுகிறது. ஈப்போ என்று வடிகட்டினாலும் பாதிதான். “ஐயா, எங்கப்பா பேரு லிஸ்ட்ல இருக்கு. ஆனா டோவன்பின்னு தட்டுனா மட்டும் காணோமே” என்று அம்மா ஒருவர் கேட்கிறார். பட்டியலைப் பார்த்தால் அவருடைய அப்பாவின் அட்டையில் டோவன்பி என்றே எழுதியிருக்கிறது. எழுத்துப்பிழை இல்லை, இடைவெளி இல்லை. கோடும் ஒன்றுதான், எல்பிலுக்கு ஓடியதே டோவன்பிக்கும் ஓடுகிறது.

எல்பிலிலும் ஹீவுட்டிலும் இல்லாத ஒன்று டோவன்பியிலும் ஈப்போவிலும் இருக்கிறது: ஓகாரக் குறி. ஒவ்வோர் எழுத்துக்கும் குறிக்கும் ஓர் எண் கொடுக்கும் யுனிகோடில் ஓகாரக் குறியை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ஒரே குறியாக வைத்தால் அதன் எண் 3019. அதையே ஏகாரக் குறி 3015, கால் 3006 என்று இரண்டு துண்டாகவும் வைக்கலாம். திரையில் இரண்டும் ஒரே ‘டோ’தான். யுனிகோடு விதிப்படி இரண்டும் சமமானவை, இரண்டும் சரியானவை. ஆனால் செலக்டர் இந்தச் சமத்துவத்தைப் பார்ப்பதில்லை. பெரட்டில், அதாவது தோட்டத்துக் காலை வரிசையில், செக்ரோல் என்ற பெயரேட்டைப் பார்த்துக் கூப்பிடும் கிராணி (தோட்டத்து எழுத்தர்) ஏட்டில் உள்ளபடி மட்டும் கூப்பிடுவது போல, அது எண்ணுக்கு எண் ஒத்துப் பார்க்கும். ஓர் எண் மாறினாலும் ஆள் வரவில்லை என்றே எழுதும்.

ஒகரக் குறியும் இப்படித்தான்: ஒன்றாக 3018, பிளந்தால் 3014, 3006. ஔகாரக் குறி ஒன்றாக 3020, பிளந்தால் 3014, 3031. மற்ற உயிர்க்குறிகளுக்கு இந்த இரட்டை வடிவம் இல்லை. ஐகாரத்துக்கும் இல்லை, ஆகவே ‘சுங்கை’ ஒருநாளும் இப்படித் தவறாது. ‘தோட்டம்’ தவறும். தோட்டம் என்ற சொல் இல்லாத பட்டியல் நம் ஊரில் ஏது?

பிளந்த வடிவம் எங்கிருந்து வருகிறது? பட்டியலை ஒருவர் மட்டும் தட்டுவதில்லை. செயலாளர் கணினியில் முரசு அஞ்சலில் தட்டியிருப்பார், மகளிர் பிரிவில் ஒருவர் கைப்பேசியில் செல்லினத்தில் தட்டியிருப்பார், பழைய விழா மலரின் பெயர்கள் யுனிகோடுக்கு முந்திய எழுத்துரு காலத்துக் கோப்பிலிருந்து மாற்றப்பட்டிருக்கும். நான் பார்த்த பிளந்த வடிவங்கள் பெரும்பாலும் கடைசி வழியில் வந்தவை. டிஸ்கி போன்ற பழைய குறியாக்கங்களில் ‘கொ’ என்பது திரையில் தெரிகிற வரிசையிலேயே கொம்பு, ககரம், கால் என்று மூன்று துண்டாக இருக்கும். மாற்றும் கருவி கொம்பை ககரத்துக்குப் பின்னால் நகர்த்திவிட்டு, காலைக் கொம்போடு சேர்க்காமல் விட்டால் பிளந்த வடிவம் உங்கள் கையில் இருக்கும்.

சோதிக்க எளிய வழி நீளம் பார்ப்பது. காணாமல்போன அட்டையின் மேல் வலது பொத்தானை அழுத்தி ‘இன்ஸ்பெக்ட்’ கொடுங்கள். அந்த எலமெண்ட் தேர்வான நிலையில் கன்சோலில் டாலர் குறியும் 0-வும், அதாவது $0, அதையே குறிக்கும்.

$0.டேட்டாசெட்.தோட்டம்.லெங்த்

டோவன்பி ஒன்றாக இருந்தால் 7 வரும், பிளந்திருந்தால் 8. ஈப்போ என்றால் 5 அல்லது 6. இன்னும் தெளிவாகப் பார்க்க ஒவ்வொரு எழுத்தின் எண்ணையும் விரித்துப் பாருங்கள்:

[...$0.டேட்டாசெட்.தோட்டம்].மேப்(எழுத்து => எழுத்து.கோட்பாயிண்ட்அட்(0))

2975, 3019 என்று தொடங்கினால் சேர்ந்த வடிவம். 2975, 3015, 3006 என்றால் பிளந்தது. இந்த வரியை எங்காவது சேமித்து வையுங்கள், தமிழ்ப் பக்கம் செய்கிறவருக்குத் திரும்பத் திரும்ப உதவும்.

தீர்வு ஜாவாஸ்கிரிப்ட்டிலேயே 2015 பதிப்பிலிருந்து இருக்கிறது: நார்மலைஸ். அடைப்புக்குள் ஒன்றும் கொடுக்காமல் அழைத்தால் பிளந்தவற்றைச் சேர்த்த வடிவத்துக்கு அதுவே கொண்டுவரும். செலக்டருக்குள் இதை எழுத முடியாது. அதனால் பக்கம் திறந்தவுடன் எல்லா அட்டையின் மதிப்பையும் ஒருமுறை திருத்திவிடுங்கள்:

கான்ஸ்ட் சீராக்கு = சொல் => சொல்.நார்மலைஸ்().ட்ரிம்()

டாக்குமெண்ட்.குவெரிசெலக்டர்ஆல்('[டேட்டா-தோட்டம்]').ஃபார்ஈச்(அட்டை => அட்டை.டேட்டாசெட்.தோட்டம் = சீராக்கு(அட்டை.டேட்டாசெட்.தோட்டம்))

தேடுகிற சொல்லையும் அதே சீராக்குக்குள் அனுப்பிய பிறகு செலக்டரில் ஒட்ட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் சீராக்கி மறுபக்கத்தை விட்டால், சரியாக இருந்ததும் கெட்டுப்போகும்.

நார்மலைஸ் செய்யாத வேலைகளும் உண்டு, அவற்றைத் தெரிந்துகொள்ளாமல் அதை மட்டும் நம்ப வேண்டாம்.

ஔகாரக் குறியின் பின்பாதி ளகரம் போலவே இருப்பதால், ‘பௌர்ணமி’ என்பதை எகரக் கொம்பும் ளகரமுமாக ‘பெளர்ணமி’ என்று தட்டிவிடுகிறார்கள். திரையில் வித்தியாசம் கண்டுபிடிப்பது மிகக் கடினம். யுனிகோடுக்கு இது வேறு சொல்லேதான்: 3020 இருக்க வேண்டிய இடத்தில் 3014, 2995. நார்மலைஸ் இதைத் தொடாது. பௌர்ணமி பூசை, கௌரி என்ற பெயர் இவற்றில் எல்லாம் இது ஒளிந்திருக்கும்.

‘ஸ்ரீ’ இன்னொன்று. நம் கோயில் பெயர்களில் பெரும்பாலானவை ஸ்ரீயில்தான் தொடங்குகின்றன. அதை 3000 என்ற எண்ணுள்ள ஸகரத்தில் தொடங்கியும் எழுதலாம், 2005-இல் யுனிகோடில் சேர்ந்த 2998 என்ற ஶகரத்தில் தொடங்கியும் எழுதலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே வடிவமாகவே தெரியும். [டேட்டா-கோயில்^="ஸ்ரீ"] என்று போட்டு ‘ஸ்ரீ’யில் தொடங்கும் கோயில்களைக் கேட்டால் சில கோயில்கள் விட்டுப்போவதற்கு இதுவும் ஒரு காரணம். நார்மலைஸ் உதவாது. ரிப்ளேஸ் போட்டு நீங்களே ஒரு வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

கண்ணுக்கே தெரியாத எழுத்துகள் மூன்றாவது வகை. எண் வரிசையில் 160 கண்டால் அது உடையாத இடைவெளி. வேர்டிலிருந்தும் இணையப் பக்கங்களிலிருந்தும் ஒட்டும்போது வரும். ஓரத்தில் இருந்தால் ட்ரிம் நீக்கிவிடும், ‘பெரிய தோட்டம்’ என்பதன் நடுவில் இருந்தால் நீக்காது. 8203, 8204 என்று கண்டால் அவை அகலமே இல்லாத குறிகள், ட்ரிம் அவற்றைத் தொடாது. இவற்றையும் ரிப்ளேஸ் கொண்டுதான் துடைக்க வேண்டும்.

கடைசியாக எழுத்துக்கூட்டல். ஒருவர் ‘எல்பில்’ என்பார், ஒருவர் ‘எல்ஃபில்’ என்பார். ‘ஹீவுட்’ என்பவரும் ‘ஈவுட்’ என்பவரும் ஒரே பெரட்டில் நின்றவர்கள்தான். இதை எந்தக் கட்டளையும் சரிசெய்யாது, யாருடைய எழுத்தும் தவறும் இல்லை.

என் கருத்து இதுதான்: பட்டனுக்கு ஆதாரமாக இருக்கும் அட்ரிபியூட்டில் ஆட்கள் தட்டிய தமிழ்ச் சொல்லை வைக்க வேண்டாம். தோட்டத்துக்கு ஒரு சிறு குறியீடு கொடுத்து, பட்டியல் படிவத்தில் பெயரைத் தட்டவிடாமல் தெரிவுப் பெட்டியில் தேர்ந்தெடுக்க வையுங்கள். திரையில் தமிழ்ப் பெயர் அவரவர் எழுதும்படியே தெரியட்டும். தேடல் பெட்டி என்றால் அது முடியாது, அங்கே ஆள் தமிழில்தான் தட்டுவார். அங்கே சீராக்கு கட்டாயம். குறியீடு வைத்துவிட்டோம், இனித் தமிழைக் கவனிக்க வேண்டாம் என்று தேடலை அரைகுறையாக விடும் பக்கங்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. பெயரைத் தட்டித் தேடுகிறவர் பெரும்பாலும் வயதானவர், இரண்டாவது முறை முயலமாட்டார்.

அறிகுறி: கேட்டதோடு கேட்காததும் வருகிறது

பகுதிப் பொருத்தக் குறிகள் மூன்று. ^= தொடக்கம், $= முடிவு, *= எங்கிருந்தாலும். மூன்றும் சொல்லைப் பார்ப்பதில்லை, எண் வரிசையைத்தான் பார்க்கின்றன.

[டேட்டா-உபயம்*="பால்"] பால்குடத்தையும் தரும், பால்காவடியையும் தரும், பால் அபிஷேகத்தையும் தரும். பால்குடம் மட்டும் வேண்டும் என்றால், அதுவும் ஒரே அட்ரிபியூட்டில் இடைவெளி விட்டுப் பல உபயங்கள் எழுதியிருந்தால், ~= தான் சரியான குறி. [டேட்டா-உபயம்~="பால்குடம்"] என்பது இடைவெளியால் பிரிந்த சொற்களில் ஒன்று முழுதாகப் பால்குடமாக இருக்கிறதா என்று பார்க்கும். ‘பால் அபிஷேகம்’ போல இரு சொல் உபயங்களை ~= கையாளாது. அவற்றை நடுவில் சிறு கோடு போட்டு ஒரே சொல்லாக்கி வையுங்கள்.

எண்களிலும் இதே கதை. [டேட்டா-நாள்^="1"] முதல் நாளோடு 10, 11, 12-ஆம் நாள்களையும் இழுத்து வரும். நாளுக்கு = மட்டுமே போடுங்கள். ‘5’ என்று சிலரும் ‘05’ என்று சிலரும் தட்டியிருந்தால் அவை வேறு வேறு மதிப்புகள். டேட்டாசெட்டிலிருந்து எடுத்த நாளை மூன்று சமக்குறி போட்டு 5 என்ற எண்ணோடு ஒப்பிட்டால் என்றுமே பொருந்தாது, வருவது எப்போதும் எழுத்துச்சரம்தான்.

தமிழில் அகரவரிசைப் பட்டன் செய்கிறவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். [டேட்டா-பெயர்^="க"] என்பது கணேசனை மட்டுமல்ல, காளியம்மாவையும் கிருஷ்ணனையும் குப்பம்மாவையும் சேர்த்தே தரும். கா என்பது யுனிகோடில் ககரமும் அதன் பின் ஒரு காலும், ஆகவே ககரத்தில் தொடங்குவதாகவே கணக்கு. ககர வரிசை முழுவதும் வேண்டும் என்றால் இது வசதிதான். முடிவுக்குறியில் நிலைமை நேர்மாறு: [டேட்டா-இடம்$="ம"] ‘தோட்டம்’ என்பதைத் தராது, அதன் கடைசி எண் புள்ளிக்குரியது. "ம்" என்று கேட்டால்தான் தரும்.

கிளாஸுக்கு [கிளாஸ்="அட்டை"] என்று எழுதி ஏமாறுவதும் இந்த வகைதான், மறுபக்கமாக. எலமெண்ட்டில் இரண்டு கிளாஸ் இருந்தால் முழு மதிப்பு பொருந்தாது. கிளாஸைப் புள்ளி வைத்தே தேடுங்கள்.

அறிகுறி: தமிழ், மலாய் மாற்றும் பட்டன் சில இடங்களில் வேலை செய்யவில்லை

இரண்டு மொழியிலும் உள்ள பக்கத்தில், மொழியைக் குறிக்கும் லாங் அட்ரிபியூட்டைப் பிடித்துத் தமிழ்ப் பகுதிகளைக் காட்டுவது வழக்கம். சிலர் தமிழுக்கு ‘டிஏ’ என்று மட்டும் போடுவார்கள், சிலர் மலேசியாவையும் சேர்த்து ‘டிஏ-எம்ஒய்’ என்று போடுவார்கள். [லாங்="டிஏ"] இரண்டாவதைத் தராது. [லாங்|="டிஏ"] இரண்டையும் தரும். இதற்கென்றே செய்த குறி அது, 1998-இல் வந்த சிஎஸ்எஸ் இரண்டாம் பதிப்பிலேயே இருக்கிறது.

அறிகுறி: டிக் போட்டும் [செக்ட்] கண்டுகொள்ளவில்லை

அட்ரிபியூட் என்பது பக்கம் எழுதப்பட்டபோது இருந்த நிலை. ஆள் இப்போது என்ன செய்தார் என்பது அதில் பதிவாகாது. பெட்டியில் டிக் போட்டாலும் செக்ட் அட்ரிபியூட் வந்து ஒட்டிக்கொள்ளாது. இப்போதைய நிலை வேண்டும் என்றால் [செக்ட்] என்பதை விட்டு :செக்ட் என்று கேளுங்கள். பெயர்ப் பெட்டியில் ஆள் தட்டியதை [வேல்யூ="..."] கொண்டு தேட முடியாததும் இதனால்தான். அங்கே ப்ராப்பர்ட்டியை, அதாவது உலாவி இப்போது வைத்திருக்கும் மதிப்பைப் படித்து ஒப்பிட வேண்டும்.

டிஸேபிள்ட் போன்றவற்றில் மதிப்புக்குப் பொருளே இல்லை. ‘டிஸேபிள்ட்="ஃபால்ஸ்"’ என்று எழுதினாலும் பட்டன் செத்துத்தான் கிடக்கும், [டிஸேபிள்ட்] அதைப் பிடிக்கும். அட்ரிபியூட்டையே நீக்க வேண்டும்.

இணைப்புகளிலும் இந்த இடைவெளி உண்டு. கோப்பில் ‘/உபயம்’ என்று இருந்தால் [ஹெச்ரெஃப்="/உபயம்"] பொருந்தும். அதே இணைப்பின் ஹெச்ரெஃப் ப்ராப்பர்ட்டியைக் கேட்டால் தளத்தின் முழு முகவரியோடு சேர்ந்து வரும். கன்சோலில் ப்ராப்பர்ட்டியைப் பார்த்து அதையே செலக்டரில் ஒட்டினால் ஒன்றும் கிடைக்காது.

அறிகுறி: டேட்டாசெட் ‘அன்டிஃபைண்ட்’ என்கிறது

டேட்டா-உபய-நாள் என்று நடுக்கோட்டோடு பெயர் வைத்திருந்தால் டேட்டாசெட்டில் அந்தக் கோடு போய், அடுத்த ஆங்கில எழுத்து பெரிய எழுத்தாகிவிடும். செலக்டரில் கோட்டோடு, டேட்டாசெட்டில் கோடில்லாமல்.

அறிகுறி: புதிதாகச் சேர்த்த அட்டை பட்டனுக்கு அடங்குவதில்லை

திருவிழா நெருங்க நெருங்கப் பட்டியல் வளரும். பக்கம் திறந்தபோது எடுத்த நோட்லிஸ்ட் வளராது, எடுத்த கணத்தில் இருந்தவர்கள் மட்டுமே அதில் இருப்பார்கள். ஆகவே வடிகட்டும் ஃபங்ஷனுக்குள்ளேயே, ஒவ்வொரு தட்டலிலும் புதிதாகத் தேடுங்கள். நாம் பேசும் அளவுப் பட்டியலுக்கு இதனால் எந்தத் தாமதமும் தெரியாது. அட்டையைச் சேர்க்கும் கோடு சீராக்கையும் அழைக்கிறதா என்று பாருங்கள். முதலில் வந்தவர்கள் சரியாகவும், பிறகு சேர்ந்தவர்கள் மட்டும் பாதியாகவும் வருவது அங்கே அழைக்காததன் அடையாளம்.

அட்டையின் மேல் கிளிக் வேண்டும் என்றால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே மாட்டாமல் பட்டியல் முழுவதுக்கும் ஒரே ஒரு கிளிக் மாட்டி, உள்ளே நிகழ்ச்சியின் டார்கெட்டிலிருந்து க்ளோசஸ்ட்('[டேட்டா-தோட்டம்]') என்று மேலே தேடுங்கள். படத்தின் மேல் தட்டினாலும் பெயரின் மேல் தட்டினாலும் சரியான அட்டை கிடைக்கும். வெற்றிடத்தில் தட்டினால் நல் வரும், அதற்கு ஓர் இஃப் வையுங்கள்.

அறிகுறி: திரையில் இருக்கிறது, எண்ணிக்கையில் 0

முதலில் சொன்ன இரண்டு வரியில் முதல் வரியே 0 வந்து, அட்ரிபியூட் பெயரும் சரி என்றால், பட்டியல் ஐஃப்ரேமுக்குள் இருக்கலாம். வேறு தளத்துப் படிவத்தையோ அட்டவணையையோ பக்கத்தில் பதித்திருந்தால் அது தனி டாக்குமெண்ட். வேறு தளத்துக்குரியது என்றால் உங்கள் ஸ்கிரிப்ட் அதற்குள் நுழைய உலாவி விடாது, அது பாதுகாப்புக்காக உள்ள தடை. தரவை வாங்கி உங்கள் பக்கத்திலேயே அட்டையாக்குவதுதான் வழி. தன் உள்ளமைப்பை வெளியிலிருந்து தனியே பிரித்து வைக்கும் ஷேடோ டாம் உள்ள எலமெண்ட்டிலும் இதுபோல வெளியிலிருந்து தேடினால் உள்ளே இருப்பது கிடைக்காது. அது திறந்த வகை என்றால் அதன் ஷேடோரூட்டைப் பிடித்து அங்கிருந்து தேடலாம்.

இவை எதிலும் அடங்கவில்லை என்றால்

மற்றவரிடம் கேளுங்கள், ஆனால் ஸ்கிரீன்ஷாட் மட்டும் அனுப்பாதீர்கள். படத்தில் 3019-க்கும் 3015, 3006-க்கும் வித்தியாசம் தெரியாது, வளைகுறியும் 160-உம் தெரியாது. நீங்கள் எழுதிய செலக்டர், பொருந்த வேண்டிய ஓர் அட்டையின் அவுட்டர்ஹெச்டிஎம்எல் (அதன் முழு ஹெச்டிஎம்எல் எழுத்து), பொருந்துகிற இன்னோர் அட்டையின் அவுட்டர்ஹெச்டிஎம்எல், இரண்டுக்கும் கோட்பாயிண்ட் எண் வரிசை: இவை நான்கையும் சாதாரண எழுத்துக் கோப்பில் போட்டு, கோப்பாகவே இணைத்து அனுப்புங்கள். செய்திப் பெட்டியில் ஒட்டினால் வழியிலேயே மேற்கோள்குறி மாறிவிடக்கூடும். பட்டியலில் உள்ளவர்களின் தொலைபேசி எண், அடையாள அட்டை எண் அட்ரிபியூட்டில் இருந்தால் அனுப்பும் முன் அழித்துவிடுங்கள். அவை பக்கத்தின் மூலத்தில் யார் கண்ணுக்கும் தெரியும் என்பதால், அங்கே இருக்கவே கூடாது.